வெட்ஜ்வுட் மரபுக்கு இன்றைய செராமிக் கலைஞர்கள் சொல்லும் பதில்

கேள்வி இதுதான்: வெட்ஜ்வுட், ஸ்போட் மாதிரி 250 வருஷப் பழைய ஆங்கிலேய மட்பாண்டக் கம்பெனிகளின் பொருட்களை இன்றைய கலைஞர்கள் வெட்டி ஒட்டுகிறார்கள், நகல் எடுக்கிறார்கள், சில சமயம் உடைத்தும் போடுகிறார்கள். கேட்டால் 'மரபுக்கு எங்கள் பதில்' என்கிறார்கள். இதில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா, அல்லது பழைய பெயரில் குளிர்காய்கிறார்களா?

இரண்டும் உண்டு. பாதிக்கு மேல் குளிர்காய்வதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய நீலத் தட்டு ஒன்றை எடுத்து நடுவில் ஒரு மண்டையோட்டையோ டிராகனையோ ஒட்டி மறுபடி சூளையில் வைத்து எடுத்தால் அது 'உரையாடல்' ஆகிவிடுகிறது, விலையும் நாலு மடங்கு ஆகிவிடுகிறது. ஆனால் மீதிப் பாதியில் இருக்கிற சில வேலைகள், நான் சக்கரத்தில் உட்கார ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் பார்த்த மிகக் கூர்மையான வேலைகளில் சேரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன்: இந்த ஆள் பழைய தொழிற்சாலையின் பொருளைப் பார்த்தாரா, அதைச் செய்த கையைப் பார்த்தாரா?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஜோசையா வெட்ஜ்வுட் 1730ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் பர்ஸ்லெம் என்ற ஊரில், பரம்பரைக் குயவர் வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் பெரியம்மை வந்து முழங்கால் கெட்டுப்போனது, 1768ல் வலது காலையே எடுத்துவிட்டார்கள். காலால் உதைத்துச் சக்கரம் சுற்றுவது அவருக்கு எப்போதுமே சிரமம், அதனால்தான் சோதனைகள் பக்கம் போனார் என்று சொல்வார்கள். எது காரணமோ, மனிதர் சோதனைப் பித்தர். அடுத்த வருஷம், 1769 ஜூன் 13 அன்று, எட்ரூரியா என்று பெயர் வைத்த புதுத் தொழிற்சாலையைத் திறந்தார். அன்று கூட்டாளி தாமஸ் பென்ட்லி சக்கரத்தைச் சுற்றிக்கொடுக்க, வெட்ஜ்வுட்டே உட்கார்ந்து ஆறு ஜாடிகள் வனைந்தார். அதில் எழுதிய வாசகம் லத்தீனில்: எட்ரூரியாவின் கலைகள் மறுபிறப்பெடுக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் இத்தாலியில் தோண்டி எடுத்த கறுப்பு, சிவப்பு ஜாடிகளை, எட்ரூரியா என்ற பகுதியில் வாழ்ந்த பண்டைய இத்தாலிய இனமான எட்ருஸ்கன் மக்கள் செய்தவை என்று நம்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவை கிரேக்க ஜாடிகள். அந்த முதல்நாள் ஜாடிகளில் தீட்டிய உருவங்களும் இத்தாலியின் நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்துவைத்த கிரேக்க ஜாடி ஒன்றின் அச்சுப்படத்தைப் பார்த்து வரைந்தவைதான். அதாவது, எந்த மரபுக்கு இன்று எல்லாரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ அந்த மரபே இன்னொரு மரபுக்குச் சொன்ன பதில், அதுவும் விலாசம் மாறிப்போன பதில். அதனால் 'பழையதை எடுத்துச் செய்வது ஒரு படைப்பா?' என்று கேட்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. வெட்ஜ்வுட்டிடமே கேளுங்கள் என்று விட்டுவிடுவேன். ரோமானியக் கண்ணாடிக் குடுவையான போர்ட்லாண்ட் வாஸை 1786ல் கடன் வாங்கி, அதை மண்ணில் நகலெடுக்கக் கிட்டத்தட்ட நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவர் அவர்.

சரி, அவர் விட்டுப்போனது என்ன? பலர் மனசில் வெட்ஜ்வுட் என்றதும் வருவது அந்த வெளிர் நீலமும் மேலே வெள்ளையாகப் புடைத்து நிற்கும் கிரேக்கப் பெண்களும். அதற்கு ஜாஸ்பர் என்று பெயர். 1770களின் நடுவில் அவர் அதைப் பிடித்தார். பிடிப்பதற்கு முன் ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகள் சுட்டார். அந்தத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு தட்டில் வரிசையாக, நகத்தளவு, விரலளவுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண், நீலத்திலேயே எத்தனையோ நீலம். அந்த எண்ணை அவருடைய சோதனைக் குறிப்பேட்டில் பார்த்தால்தான் எதில் எவ்வளவு சேர்த்தார் என்று தெரியும். குறிப்பேட்டிலும் பாதி சங்கேதம், யாரும் திருடிவிடக் கூடாது என்று. சூட்சுமம் பேரியம் சல்பேட். டெர்பிஷயர் சுரங்கங்களில் 'காக்' என்று சொல்லி ஒதுக்கிய கனிமம்; ஜாஸ்பர் மண்ணில் பாதிக்கு மேல் அதுதான்.

ஜாஸ்பரில் மேலே ஒட்டும் உருவத்துக்கு ஸ்பிரிக் என்று பெயர். அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இந்தச் செய்கையைச் சுற்றித்தான். பிளாஸ்டர் அச்சு ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும். குழியில் வெள்ளை மண்ணைக் கட்டைவிரலால் அழுத்துகிறீர்கள். மேலே மிஞ்சிய மண்ணைத் தட்டைக் கத்தியால் ஒரே இழுப்பில் வழிக்கிறீர்கள். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சியதும் மண் ஓரத்தில் மயிரிழை அளவு விலகும், அந்தக் கணத்தில் கத்தியின் தட்டைப் பக்கத்தை வைத்துத் தூக்கினால் ஒரு பெண்ணுருவம் முழுசாக வெளியே வரும், சேலை மடிப்பு மாதிரி மெல்லிய மடிப்புகளோடு. முதுகில் கொஞ்சம் தண்ணீர் தடவி, இன்னும் காயாத நீலப் பாண்டத்தின் மேல் வைத்து, உருவத்தின் மூக்கு நசுங்காமல், அதே சமயம் அடியில் காற்று நிற்காமல் அழுத்தவேண்டும். காற்று நின்றால் சூளையில் கொப்புளிக்கும். ஈரம் அதிகமானால் வெள்ளை வழிந்து நீலத்தை அழுக்காக்கும். கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரியான மேல்பூச்சு, கிடையாது, அதனால் மூடி மறைக்க வழியும் கிடையாது. ஒரு தடவை நான் ஒரு சின்ன இலையை வைத்து முயன்று பார்த்தேன். இருபதில் மூன்று தேறியது. அந்த மூன்றிலும் ஒன்று சூளையில் ஓரம் தூக்கிக்கொண்டது. இரண்டு மண்ணும் ஒரே அளவு சுருங்கவில்லை.

வெட்ஜ்வுட் தொழிற்சாலையில் இதை ஒரு ஆள் நாள் முழுக்கச் செய்வார். அதை மட்டுமே செய்வார். வனைபவர் வேறு, கடைபவர் வேறு, அச்சு எடுப்பவர் வேறு. 1769ல் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் தன் ஆட்களைத் தவறே செய்யமுடியாத இயந்திரங்களாக ஆக்கவேண்டும் என்று எழுதியவர் வெட்ஜ்வுட். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஸ்பிரிக் செய்கையை அப்படியே பிடித்துக்கொண்டவர் ஹிடோமி ஹோசோனோ. ஜப்பானின் கிஃபு பகுதியில் பிறந்து, பிறகு லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர். வெட்ஜ்வுட்டில் ஸ்பிரிக் ஒரு அலங்காரம், பாண்டத்தின் மேல் இடைவெளி விட்டு அங்கங்கே இருக்கும். ஹோசோனோ இலைகளையும் பூவிதழ்களையும் நரம்பு நரம்பாகச் செதுக்கி அச்செடுத்து, நூற்றுக்கணக்கில் அழுத்தி எடுத்து, வனைந்த பாண்டத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். கடைசியில் பாண்டமே கண்ணுக்குத் தெரியாது, காற்றில் அசைவது மாதிரி ஒரு இலைக்கூட்டம்தான் தெரியும். ஓரமாக நின்ற அலங்காரத்தை எடுத்து உடம்பாகவே ஆக்கிவிட்டார். பிறகு வெட்ஜ்வுட்டே அவரை அழைத்துத் தங்கவைத்து, ஜாஸ்பரிலேயே ஒரு வரிசை செய்யச் சொன்னது. இங்கே கிண்டல் இல்லை, கோபம் இல்லை, ஒரு கைவேலையை அது போகாத தூரத்துக்குக் கொண்டுபோவது மட்டும்தான். அழகாக இருக்கிறது என்பதாலேயே சில விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். ஸ்பிரிக் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிளேர் டூமி. 2006ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில், பெரிய பெரிய பிளாஸ்டர் நகல் சிலைகள் நிற்கிற கூடத்தில், வெட்ஜ்வுட்டின் நீல ஜாஸ்பர் மண்ணில் செய்த 4,000 சின்னப் பறவைகளைத் தரையிலும் சிலைகளின் மேலும் உட்காரவைத்தார். படைப்பின் பெயர் 'டிராஃபி', வெற்றிக்கோப்பை. வருகிறவர்கள் விரும்பினால் ஒரு பறவையை எடுத்துக்கொண்டு போகலாம். ஐந்து மணி நேரத்தில் 4,000மும் காலி.

கேட்கும்போது விளையாட்டு மாதிரி இருக்கும். யோசித்துப் பாருங்கள், மியூசியத்தில் எதையும் தொடாதே என்று வளர்க்கப்பட்டவர்கள், ஒரு பறவையைப் பையில் போட்டுக்கொள்ளும்போது என்ன நினைத்திருப்பார்கள்? அது வெறும் களிமண் பறவையாக இருந்திருந்தால் இந்த வேகம் இருந்திருக்குமா? அந்த நீலம் இழுத்த இழுப்பு அது. வெட்ஜ்வுட் நிறுவனம் தன் மண்ணை வெளி ஆளுக்குக் கொடுத்ததும், கடைசியில் கூடத்தில் எதுவுமே மிச்சமில்லாமல் போனதும்தான் அந்தப் படைப்பு. மிஞ்சியது காலித் தரை. பெயரின் கவர்ச்சியை அளந்து காட்டிய சோதனை என்று சொன்னால் ஜோசையாவுக்கே பிடித்திருக்கும்.

மைக்கேல் ஈடன் இன்னொரு தினுசு. இருபது வருஷத்துக்கு மேல் சக்கரத்தில் உட்கார்ந்து நாட்டுப்புறப் பாணிப் பாண்டங்கள் செய்தவர், பிறகு கணினிப் பக்கம் போனார். 1817ஆம் வருஷத்து வெட்ஜ்வுட் பாண்டப் பட்டியலில் இருந்த ஒரு சூப் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்து, அதன் சுவரையே எலும்பின் உள்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக்கி, முப்பரிமாண அச்சில் எடுத்தார். பெயர் 'வெட்ஜ்வுடன்ட் டூரீன்'. 'வுட்' என்றால் செய்யும், 'வுடன்ட்' என்றால் செய்யாது. வெட்ஜ்வுட் செய்யாத பாத்திரம் என்று சொல்லில் ஒரு விளையாட்டு. சக்கரத்திலும் அச்சிலும் செய்யமுடியாத வடிவம் என்பதுதான் சேதி. பார்க்கப் பிரமாதம். எனக்கு இதில் ஒரு சின்னக் குறை, அது கையை முழுசாக விட்டுவிட்டது. ஆனால் தன் காலத்தின் புதிய தொழில்நுட்பம் எல்லாவற்றையும் முயன்று பார்த்த ஜோசையா இன்று இருந்தால் முதலில் வாங்கிப்போட்டிருப்பது அந்த அச்சு இயந்திரமாகத்தான் இருக்கும், அதனால் குறையை அடக்கி வாசிக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் தொழிற்சாலை உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்த வேலைகள். 2008, 2009ல் கதை மாறியது.

2008 நவம்பரில் ஸ்போட் கவிழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் நீல அச்சுப்படத் தட்டுகளையும் போன் சைனா என்கிற எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானையும் கச்சிதமாக்கிய கம்பெனி, ஸ்டாஃபர்ட்ஷயரின் மட்பாண்ட ஊரான ஸ்டோக்கின் நடுவில் 200 வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தது. அடுத்த ஜனவரியில் வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் குழுமமும் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்குள்ளேயே வெட்ஜ்வுட் உற்பத்தியில் பெரும்பகுதி இந்தோனேசியாவுக்குப் போயிருந்தது. அதே 2009ல் வெட்ஜ்வுட் மியூசியம் அந்த வருஷத்தின் சிறந்த அருங்காட்சியகம் என்று, மியூசியங்களுக்கு உதவும் அறக்கட்டளையான ஆர்ட் ஃபண்டின் பரிசை வாங்கியது என்பது விதியின் நக்கல். ஏனென்றால் அடுத்து வந்தது இது: மியூசியத்தில் ஐந்து ஊழியர்கள் குழுமத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார்கள், குழுமம் விழுந்ததும் திட்டத்தின் மொத்தப் பற்றாக்குறை, 13.4 கோடி பவுண்டு, மியூசியத்தின் தலையில் விழுந்தது. கடனை அடைக்க சேகரிப்பை விற்கலாம் என்று 2011ல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2014ல் ஆர்ட் ஃபண்ட் பொதுமக்களிடம் கைநீட்டி, மற்ற நிதிகளையும் சேர்த்து 1 கோடியே 57.5 லட்சம் பவுண்டு திரட்டி, சுமார் 80,000 பொருட்களைக் காப்பாற்றியது. இப்போது அவை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குச் சொந்தம், ஆனால் ஸ்டோக் பக்கத்தில் பார்லஸ்டனிலேயே இருக்கின்றன.

நல்ல விஷயம்தான். ஆனால் கவனியுங்கள், ஜாடிகளைக் காப்பாற்றப் பணம் வந்தது. ஸ்பிரிக் தூக்கத் தெரிந்த கட்டைவிரலைக் காப்பாற்ற யாரும் உண்டியல் வைக்கவில்லை. கைத்திறன் போன்ற தொட்டுணர முடியாத மரபுகளைக் காக்க யுனெஸ்கோ 2003ல் கொண்டுவந்த ஒப்பந்தத்தை பிரிட்டன் ஏற்றுக்கொண்டதே 2024ல்தான்.

இந்த ஓட்டைக்குள் கையை விட்டவர் நீல் பிரவுன்ஸ்வர்ட். உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு பெயர் சொல் என்றால் இவர் பெயரைத்தான் சொல்வேன். 1970ல் பிறந்தவர், அந்தப் பகுதிக்காரர், பள்ளி முடித்ததும் வெட்ஜ்வுட்டிலேயே மாதிரி செதுக்கும் வேலை பழகச் சேர்ந்தவர். வெளியே நின்று மரபைப் பார்க்கிற ஆள் இல்லை. பிறகு கலை படிக்கப் போனார், திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு தொழிற்சாலையாக இடித்துக்கொண்டிருக்கிறார்கள். குப்பைமேடுகளில் கிடந்த உதிரிகளைப் பொறுக்கினார்: சூளையில் பாண்டத்துக்கு முட்டுக்கொடுக்கும் மண்துண்டு, அச்சிலிருந்து வழித்துப்போட்ட சீவல், கைப்பிடி வெட்டிய மிச்சம், உருகிச் சாய்ந்த கோப்பை. இவற்றை மறுபடி வார்த்து, மறுபடி சுட்டு, நகைக்கடையில் வைப்பது போல வரிசையாக வைத்தார். பார்க்கும்போது அழகா அசிங்கமா என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் விரல் அழுத்தம் அப்படியே இருக்கும். விற்பனைக்குப் போன பாண்டத்தில் விரல்ரேகை தெரிந்தால் குறை என்று ஒதுக்கிவிடுவார்கள், கழிவில்தான் கை பதிவாகியிருக்கிறது.

அப்புறம் அவர் போன இடம் இன்னும் சங்கடமானது. ஆன்டனி சாலினர் என்ற மூத்த பீங்கான் ஓவியரை, மூடிக்கிடந்த ஸ்போட் தொழிற்சாலையில் உட்காரவைத்து, அங்கேயே வீசிக்கிடந்த தட்டுகளின் பின்பக்கத்தில் வரையச் சொன்னார். என்ன வரைவது? பழைய தட்டுகளில் பாழடைந்த மடாலயமும் கோட்டையும் ஏக்கமாக வரைந்திருப்பார்களே, அதே பாணியில் பாழடைந்த பீங்கான் தொழிற்சாலைகளை. படைப்புக்குப் பெயர் 'நேஷனல் டிரெஷர்', தேசியப் பொக்கிஷம். ஜப்பானில் கைதேர்ந்த கலைஞர்களை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று சொல்லி அரசே மதிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரில் இருக்கிற குத்தல் அங்கிருந்து வருகிறது.

அடுத்து 'ஃபேக்டரி'. 2017ல் கொரியாவின் இச்சோனில் காட்டினார், பிறகு ஸ்டோக்கிலும். ரீட்டா ஃபிளாய்ட் என்ற பெண்மணி, பல வருஷம் போன் சைனாப் பூ செய்தவர், மேசை முன் உட்கார்ந்து பூ செய்கிறார். மண்ணை மிளகளவு கிள்ளுவார், உள்ளங்கையில் வைத்து விரலால் ஒரு நசுக்கு, இதழ். இன்னொன்று, இன்னொன்று. சுருட்டி, ஒட்டி, ஓரத்தை நுனிவிரலால் மடக்க, ரோஜா. கண் வேறெங்கோ இருக்கும், கை தானாக ஓடும். செய்து முடித்ததும் அதைத் தூக்கிக் கழிவுக்குவியலில் போட்டுவிடுவார். அடுத்த பூவை ஆரம்பிப்பார். குவியல் ஏறிக்கொண்டே போகும். சூளைக்கு எதுவும் போகாது.

இதைப் பார்த்து எரிச்சலடைந்தவர்கள் உண்டு. ஒரு மனுஷியைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார் என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தவறு செய்யமுடியாத இயந்திரமாக ஆக்கவேண்டும் என்று 1769ல் எழுதினாரே, அந்த வரியை இந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்கியே விட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைகளைத் தவறு செய்யாதபடி பழக்கிவிட்டு, ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கை மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. பிரவுன்ஸ்வர்ட் இதைக் காட்டியதோடு நிற்கவில்லை. சாலினர், ஃபிளாய்ட், செப்புத்தகடு செதுக்கும் பால் ஹோல்ட்வே போன்றவர்களிடம் தானே மாணவனாகப் போய் உட்கார்ந்தார். நாற்பது வயதைத் தாண்டிய பேராசிரியர், மறுபடி முதல் நாள் பயிற்சியாள் மாதிரி கோணல்மாணலாக ரோஜா செய்துகொண்டு. நான் எரிச்சலை விட்டது அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

அதே ஸ்போட் தொழிற்சாலையில் 2013ல் ஃபீபி கம்மிங்ஸ் செய்த ஒன்றும் என்னால் மறக்கமுடியாதது. ஸ்போட் 19ஆம் நூற்றாண்டில் 'இந்தியன் ஸ்போர்ட்டிங்' என்று ஒரு நீலத்தட்டு வரிசை போட்டது, கம்பெனி ஆட்சிக்கால இந்தியாவின் வேட்டைக் காட்சிகள், அதில் ஒரு தட்டுக்குப் பெயர் 'கரடியின் மரணம்'. இந்தியாவை வரைந்த ஒரு படப்புத்தகத்தைப் பார்த்து ஸ்டோக்கில் ஒருவர் செப்புத்தகட்டில் கோடுகோடாகக் கீறுகிறார். சூடாக்கிய தகட்டில் நீலத்தைத் தேய்த்து மெல்லிய காகிதத்தில் எடுத்து, காகிதத்தைத் தட்டின் மேல் ஒட்டித் தேய்த்துக் கழுவுகிறார்கள். அப்படி நம்மூர்க் காடு ஆங்கிலேயர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேருகிறது. கம்மிங்ஸ் அந்தத் தட்டின் நிலக்காட்சியை எடுத்து, ஆள் நடமாடும் அளவுக்குப் பச்சைக் களிமண்ணில் கட்டினார், மரம், செடி, புதர் என்று. சுடவில்லை. பெயர் 'கரடியின் மரணத்துக்குப் பிறகு'. வேட்டைக்காரர்கள் இல்லை, கரடி இல்லை, காடு மட்டும், அதுவும் காய்ந்து வெடித்து உதிர்ந்துகொண்டிருக்கும் காடு. சுட்ட மண்ணுக்கு ஆயிரம் வருஷ ஆயுள் என்று பெருமை பேசும் ஊரில் சுடாத மண்ணை வைத்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று மண் வேலை செய்கிறவர்களுக்குப் புரியும். கண்காட்சி முடிந்ததும் தண்ணீரில் கரைத்தால் மறுபடி களிமண்.

பால் ஸ்காட் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். பழைய நீல அச்சுத் தட்டின் மொழியை முழுசாகக் கற்றவர், அந்த அழகிய காட்சிக்குள் அணுமின் நிலையக் கோபுரங்களையும் மூடிய தொழிற்சாலைகளையும் நுழைப்பவர், மூடிய ஸ்போட்டைப் பற்றியே ஒரு வரிசை செய்திருக்கிறார். முதலில் மண்டையோடு ஒட்டுகிறவர்களைத் திட்டினேனே, இவரும் ஒட்டுகிறவர்தானே என்று கேட்கலாம். வித்தியாசம், நீல அச்சு எப்படி வேலை செய்தது என்று இவருக்குத் தெரியும்: புள்ளி எங்கே கோடு எங்கே, ஓரப்பட்டை எதற்கு, வானத்தை ஏன் காலியாக விட்டார்கள் என்று. அதனால் இவர் நுழைக்கிற கோபுரம் 200 வருஷமாக அங்கேயே இருந்தது மாதிரி உட்காரும், இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் திக்கென்று இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டுவதில் அந்த இரண்டாம் தடவை கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் தொட்டுவிடுகிறேன். 1787ல் வெட்ஜ்வுட் ஒரு சின்ன ஜாஸ்பர் பதக்கம் செய்தார், சங்கிலியில் மண்டியிட்ட கறுப்பு மனிதன், சுற்றி 'நானும் ஒரு மனிதன், சகோதரன் இல்லையா?' என்ற வாசகம். அடிமை வணிக எதிர்ப்பின் சின்னமாக உலகம் சுற்றியது, பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் அனுப்பினார். உண்மையான அக்கறைதான். அதே சமயம் அந்தத் தொழிற்சாலையின் வியாபாரமோ தேநீர்க் கோப்பையும் சர்க்கரைக் கிண்ணமும், சர்க்கரை வந்தது அடிமைகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. மண்டியிட்டே ஏன் கேட்கவேண்டும் என்ற கேள்வியும் இன்று எழுகிறது. கென்யாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் மக்தலீன் ஒடுண்டோ, கைகளாலேயே பாண்டம் எழுப்பி மெருகேற்றுவதில் உலகப் புகழ் பெற்றவர், வெட்ஜ்வுட் தொழிற்சாலையில் வேலை செய்து ஜாஸ்பரில் ஒரு பெரிய படைப்பை உருவாக்கினார். 2024ல் ஹௌட்டன் ஹால் மாளிகையில் காட்டினார்கள். சக்கரமே தொடாமல் கையால் சுவர் எழுப்பும் ஆப்பிரிக்க முறையில் ஊறிய ஒருவர், வேலையை நூறு துண்டாகப் பிரித்த தொழிற்சாலைக்குள் நுழைந்தார் என்பதே எனக்குப் பாதிப் படைப்பு.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று அடுத்து கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோக்கில் 2009லிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரிட்டிஷ் செராமிக்ஸ் பியனாலே நடக்கிறது, இந்த வகை வேலைகளில் பாதி அங்கேதான் முதலில் தலைகாட்டும். ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். முதலில் பார்லஸ்டனுக்குப் போய், கிரேக்கப் பெண்களையும் போர்ட்லாண்ட் வாஸ் நகலையும் வேகமாகக் கடந்து, சோதனைத் துண்டுகள் வைத்த தட்டுகளின் முன்னால் நில்லுங்கள். எண் போட்ட துண்டுகளில் கோணியது, வெடித்தது, நிறம் மங்கியது எல்லாம் இருக்கும், அந்த மனிதர் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. அதைப் பார்த்துவிட்டு ரீட்டா ஃபிளாய்டின் கழிவுக்குவியல் வீடியோவைப் பாருங்கள், வரிசை மாறக்கூடாது.